ஊகத்தை உரசிப் பார்க்கும் சுகம்

பழவேற்காடு ஏரிக்கரைச் சுண்ணாம்புக்குளம் பக்கம் வருகிறவர்கள் பூநாரையைப் படம் எடுக்கிறார்கள், இறால் வறுவல் சாப்பிடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கரையில் கிடைக்கிற பெரிய விருந்தை யாரும் தொடுவதில்லை. அந்த விருந்துதான் அறிவியல் முறை. அந்தப் பேரைச் சொன்னாலே ‘பரீட்சைக்குப் படித்ததுதானே’ என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடிப்படையை மளமளவென்று சொல்லிவிடுகிறேன். கவனிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், ஒரு காரணத்தை ஊகிக்க வேண்டும், ஊகம் சரியென்றால் இன்னது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சோதித்த பிறகுதான் முடிவு. பூநாரை ஏன் இளஞ்சிவப்பு? பாசியிலும் பொடி இறாலிலும் இருக்கும் நிறமிதான் காரணம் என்பது ஊகம். அப்படியானால் தீனி மாறினால் நிறம் வெளுக்க வேண்டும். உயிரியல் பூங்காக்களில் நிறமி இல்லாத தீனி தின்ற பூநாரைகள் வெளுத்தன. நிறமியைச் சேர்த்துக் கொடுத்ததும் புதிதாக முளைத்த இறகுகள் சிவந்தன. அவ்வளவுதான் அடிப்படை.

இனிமேல்தான் ருசியே. ஒத்துப்போகிற சான்று வேறு, பிரித்துக் காட்டுகிற சான்று வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

சர் சி.வி. ராமனை எடுத்துக்கொள்வோம். 1921இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அது வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் என்று பெரிய இயற்பியலாளர் ரேலே ஏற்கெனவே சொல்லியிருந்தார். வானம் நீலம், கடலும் நீலம், கச்சிதமாக ஒத்துப்போகிறது. ஆனால் தண்ணீரே ஒளியைச் சிதறடித்து நீலமாகிறது என்றாலும் கடல் இப்படித்தான் தெரியும். ஆயிரம் முறை கடலைப் பார்த்தாலும் இரண்டில் எது என்று தெரியாது.

திரும்பி வரும்போது நர்குண்டா கப்பலின் மேல்தளத்தில் நின்று, நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே வைத்துக் கடலைப் பார்த்தார். குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அது தடுத்துவிடும். பிரதிபலிப்புதான் காரணம் என்றால் நீலம் மறைய வேண்டும். மறையவில்லை; முன்னைவிட அடர்ந்தது! இரண்டு ஊகங்களும் அந்த இடத்தில் பிரிந்துவிட்டன. கைக்கடக்கமான ஒரு கருவி, ஒரு சரியான கேள்வி. அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவாகவும் 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. பிப்ரவரி 28 வந்தால் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்தப் பட்டகத்தால் அவர் என்ன கேட்டார் என்று எத்தனை மேடையில் சொல்கிறார்கள்?

இப்போது ஏரிக்கு வாருங்கள். இறால் குறைந்த வருஷம், “முகத்துவாரம் அடைஞ்சு கெடக்குதுப்பா, இறால் எப்படி உள்ள வரும்?” என்பார் பெரியவர். “ஆலைக் கழிவுதான் தாத்தா” என்பான் பேரன். வெறுங்கூடை இரண்டு பேச்சுக்கும் ஒத்துப்போகும். எது பிரித்துக் காட்டும்? இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். மணல் அடைப்புதான் காரணம் என்றால், இறாலும் மடவையும் போலக் கடலிலிருந்து வருபவைதான் அதிகம் குறைய வேண்டும். ஏரியிலேயே முட்டையிடும் மீன்கள் ஓரளவு தாக்குப்பிடிக்க வேண்டும். முகத்துவாரம் திறந்த சில மாதங்களில் இறால் திரும்ப வேண்டும். கழிவுதான் என்றால் எல்லா மீனும் அடிபட வேண்டும், கழிவு கலக்கும் இடத்துக்கு அருகே இன்னும் மோசமாக. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதற்கும் தனி அடையாளம் உண்டு. எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், எந்த மீன் எவ்வளவு விழுந்தது என்று நினைவில் வைத்திருக்கும் அந்தப் பெரியவரிடம் பாதிச் சான்று இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

விடையை முதலில் எழுதிவிட்டு அளவீட்டை அதற்கேற்ப நிரப்பும் பள்ளி ரெக்கார்டு நோட்டு, துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது போன்றது. ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வருவது அதைவிட மோசம். முன்னோர் செய்த எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து அறிவியல் காரணம் ஒட்டும் இன்றைய மோஸ்தரில் முன்னோருக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் மரியாதை இல்லை. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையுமே விளக்கவில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். முடிவு தெரிகிற கணத்தைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கணம்: ஊகத்தைச் சொல்லியாகிவிட்டது, அது பொய்த்துப் போகலாம், இன்னும் பார்க்கவில்லை. அந்தப் படபடப்பை ஒருமுறை அனுபவித்தவர் ஆறிப்போன விடைகளோடு திருப்திப்பட மாட்டார்.

யாராவது உங்களிடம் ஒரு காரணம் சொன்னால், ‘இது தப்பு என்றால் எது வேறு மாதிரி நடந்திருக்கும்?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.