765 கொசுக்கள் போதுமா?

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கேம்பியே கொசுவின் ஜீனோம் 2002-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சுமார் 27.8 கோடி எழுத்துகள். பெரிய சாதனைதான், மறுக்கலை. ஆனா அது வெளியே பறக்கிற கொசுவின் ஜீனோம் இல்லை. 'பெஸ்ட்' என்ற ஆய்வக வம்சத்துடையது. அதுவும் எம், எஸ் என்று அப்போது அழைத்த இரு வகைகளின் கலப்பு. 2013-ல் எம் வகைக்கு அனாஃபிலிஸ் கொலுசி என்று தனி இனப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தது 2017-ல் 'நேச்சர்' வெளியிட்ட ஏஜி1000ஜி திட்டத்தின் முதல் கட்டுரை. 8 நாடுகளில் பிடித்த 765 கொசுக்களைத் தனித்தனியாக வாசித்திருக்கிறார்கள். கிடைத்த மாறுபாடுகள் 5.2 கோடிக்கு மேல், சராசரியாக 2.2 எழுத்துக்கு ஒன்று!

இது ஏன் முக்கியம்? ஜீன் டிரைவ் முறையில் கிரிஸ்பர் கத்தரி 20 எழுத்து முகவரியைத் தேடிப் போய் வெட்டும். மேலே சொன்ன சராசரிப்படி, அந்த 20-ல் ஏறக்குறைய 9 இடங்களில் ஏதாவது ஒரு கொசு வேறுபடும். பெரும்பாலானவை அரிதான மாறுபாடுகள்தான். ஆனா வெட்டுக்குத் தப்பும் சில கொசுக்கள் போதும், அவற்றின் வாரிசுகள் பெருகிவிடும். பூச்சிமருந்து விஷயத்தில் ஏற்கெனவே நடந்ததுதான் இது.

இந்தத் தரவின் பயன் 2018-லேயே தெரிந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு குறிவைத்த டபுள்செக்ஸ் மரபணுவின் முகவரியில், இந்த 765 கொசுக்களிலும் ஒரே ஒரு அரிய மாறுபாடுதான் இருந்தது. கூண்டில் இருந்த கொசுக்கூட்டம் முழுவதிலும் அந்த ஜீன் டிரைவ் 7 முதல் 11 தலைமுறைக்குள் பரவி, கூட்டமே அழிந்தது.

எனக்கு இரண்டு மனக்குறை உண்டு. ஒன்று, புதிய தரவையும் பழைய பெஸ்ட் ஜீனோமின் மேல்தான் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். நம்பகமாக வாசிக்க முடிந்தது சுமார் 60 சதவீதம்தான். 2.2 என்ற கணக்கும் அந்தப் பகுதிக்கு மட்டுமே. மரபணுக்களின் முக்கியப் பகுதிகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனா மீதி இருட்டுதான்.

இரண்டாவது குறைதான் பெரிசு. உலகிலேயே மலேரியா மிக அதிகமாக உள்ள நைஜீரியாவும் காங்கோ ஜனநாயகக் குடியரசும் அந்த 8 நாடுகளில் இல்லை. 2020-ல் 13 நாடுகள், 1,142 கொசுக்கள் என்று பட்டியல் நீண்டபோதும் இல்லை. அதிகப் பயனர்கள் இருக்கிற இரண்டு சர்வர்களை விட்டுவிட்டு 'டெஸ்ட் பாஸ்' என்று ரிப்போர்ட் அனுப்பினால் எங்க ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தரவை எல்லோருக்கும் திறந்துவைத்த நேர்மைக்காகவே இந்தக் கட்டுரையை மதிக்கிறேன். இந்தக் குறைகளை என்னைப் போன்ற வெளியாள் சரிபார்க்க முடிவதும் அதனால்தான். ஆனா மென்பொருளில் தப்பு நடந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். வெளியே பறக்கவிட்ட கொசுவைத் திரும்ப அழைக்க முடியாது. அதுக்கு முன்னாடி மலேரியா அதிகமுள்ள நாடுகளின் கொசுக்களை நன்றாக வாசித்துவிடுவது நல்லது.