'வேறு வழியில்லை' என்பதன் அரசியல்

காலாவதியான வெடிமருந்தை எப்படி ஒழிப்பது என்பது படையினரின் துப்புரவுப் பணி; நமது விவாதங்களுக்குள் அது வருவதில்லை. வரவேண்டும் என்பதே என் வாதம்.

ஐக்கிய அமெரிக்காவில் அபாயக் கழிவுகளைத் திறந்தவெளியில் எரிப்பதை 1980ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்தன. வேறு முறையில் பாதுகாப்பாக அகற்றமுடியாத வெடிமருந்துக் கழிவுகளுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சிறு கதவு பல தசாப்தங்களாகத் திறந்தே கிடந்தது.

லூசியானா மாநிலத்தின் கேம்ப் மிண்டனில் 2012 ஒக்ரோபரில் ஒரு களஞ்சியம் வெடித்தது. ஒப்பந்தக் கம்பனியொன்று 'எம்-6' என்ற பீரங்கி உந்துமருந்தைச் சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல் குவித்துவைத்திருந்தது பின்னர் நடந்த விசாரணையில் அம்பலமானது. 2014இல், அதைத் தட்டுகளில் பரப்பித் திறந்தவெளியில் எரிக்க அதிகாரிகள் உடன்பட்டனர். எம்-6இல் டைநைத்திரோதொலுயீன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. திறந்த நெருப்புக்குப் புகைபோக்கி கிடையாது. புகைபோக்கி இல்லாத இடத்தில் வடிகட்டியை எங்கே பொருத்துவது?

கரும்பலகையில் தகனச் சமன்பாடுகளை எழுதிய விரிவுரையாளன் நான். இன்று தொழிற்சாலைத் தொழிலாளி. சமன்பாட்டின் வலப்பக்கத்தைச் சுவாசிப்பவர் யார் என்பது இயந்திரத்தருகே நிற்பவனுக்குத் தெரியும்.

ஊர்மக்களுக்கும் அது தெரிந்திருந்தது. எதிர்த்தார்கள். 2015இல் அவர்களும் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து மாற்று முறைகளை ஆராய்ந்தனர். மூடிய எரிகலம் தெரிவானது. அங்கு வாயுக்களை மேலும் எரித்து, வடிகட்டி, சுத்திகரித்த பின்னரே வெளியே விடலாம். 2016 ஏப்ரிலில் தொடங்கிய எரிப்பு அடுத்த ஆண்டு முடிந்தது. ஆக, வழி இருந்தது. தேடவைக்க மக்கள் தேவைப்பட்டார்கள்.

மூடிய எரிப்பும் மந்திரமல்ல. ஈயம் போன்ற உலோகங்களை நெருப்பு அழிக்காது. அவை வடிகட்டியில் தூசாகச் சேரும், அத்தூசும் நச்சுக்கழிவே. தொட்டால் வெடித்துவிடக்கூடிய பழைய குண்டை நகர்த்தாமல் கிடந்த இடத்திலேயே அழிப்பதுதான் நியாயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விலக்கு அதற்கானது. ஆனால் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கை, திறந்தவெளியில் ஒழிக்கப்படும் மரபுவழி வெடிபொருட்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மாற்றுத் தொழில்நுட்பம் உண்டு என்கிறது. அப்படியாயின் விலக்கை விதியாக்கியது எது? திறந்த நெருப்பின் மலிவு. அந்த மலிவின் மீதிச் செலவை அயலவரின் நுரையீரல் கட்டுகிறது.

'வேறு வழியில்லை' என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதைச் சொல்பவர் எத்தனை வழிகளைத் தேடிப்பார்த்தார் என்பதே விமர்சகனின் முதற் கேள்வியாக இருக்கவேண்டும்.