நோயும் நகையும்: 'செல்லம்மாள்' கதையை முன்னிட்டு

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையைத் தலைமையாக வைத்தார். எள்ளலும் பேதைமையும் உள்ளிட்ட நான்கு நிலைக்களன்களை அதற்குரியனவாகச் சுட்டினார். பிணியை அவர் அந்த நான்கில் சேர்க்கவில்லை. இளிவரலின் கீழ் வைத்தார். ஆகவே இலக்கணம் கற்ற ஒருவர், நோயாளி கிடக்கும் அறையில் நகை எழுந்தால் அது எள்ளலாகத்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டிவிடக் கூடும். ஆண்டுக் கணக்கில் நோயோடு குடும்பம் நடத்தும் ஒருவர் சிரித்தால், அச்சிரிப்பை எங்கே வைப்பது? தேர்வுத் தாளுக்குரிய வினா அன்று இது. ஆயினும் தமிழ் கற்பிக்கும் எவரும் ஒருமுறையேனும் எதிர்கொள்ள வேண்டிய வினா.

எதிர்கொள்ள வேண்டிய காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். நம் மக்கள் 'இனிப்புநீர்' என்று சொல்லும் இந்நோய், கொல்வதற்கு முன் நெடுங்காலம் உடன் வாழ்கிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு வகுப்பறையில் முப்பது மாணவர் அமர்ந்திருந்தால், அவர்களுள் சிலர் வீட்டிலாவது பாட்டிக்கு ஊசி போடும் நேரம் சோற்று நேரத்தைப் போலவே ஒழுங்காக வந்து போகும். சிறுநீரகம் பழுதுற்றோர் வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புப் பொறியோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கின்றனர். அங்கும் சிரிப்பு இல்லாமல் இல்லை. உணவுக் கடையில் 'தே ஓ கோசோங்' என்று சர்க்கரையில்லாத தேநீரை வீரத்தோடு கேட்டு வாங்கி, அதற்குத் துணையாக ஒரு லட்டையும் எடுத்துக்கொள்ளும் பெரியவரை அறியாதார் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. அவரைப் பார்த்து அவர் மனைவி சொல்லும் சொல்லில் சினமும் அச்சமும் கேலியும் ஒன்றாகக் கலந்திருக்கும். அந்தக் கலவை நம் எழுத்தில் ஏன் அருகிக் காணப்படுகிறது?

நோயை நாம் எழுதக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் திரையரங்கில்தான். 1961இல் வந்த 'பாலும் பழமும்' காசநோயையும், 1962இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' புற்றுநோயையும் தமிழர் கண்ணீருக்குரியனவாக்கின. இரண்டாவது படம் முற்றும் மருத்துவமனையிலேயே நிகழ்வது, செம்மையாக எடுக்கப்பட்டது. ஆனால் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. துன்பம் கட்டிலில் கிடக்கும் முத்துராமனுக்கும் அவரைச் சூழ்ந்தோர்க்கும் உரியது. சிரிப்பு மருத்துவமனைப் பணியாளராக வரும் நாகேஷுக்கு உரியது. தொல்காப்பியரின் இரு மெய்ப்பாடுகளும் வெவ்வேறு நடிகருக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டன. நோயாளி சிரிப்பதில்லை, அவர் அருகே பிறர் சிரிக்க வைக்கப்படுகின்றனர். நம் நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்களில் வந்த கதைகள் பலவும் இப்பங்கீட்டை மாற்றாமல் ஏற்றன. அவற்றில் நோய் ஒருவர் வாழும் நிலையாக வருவதில்லை. கதையை முடித்து வைக்கும் கருவியாக வருகிறது. இருமலில் இரத்தம் தெறித்தால் இன்னும் ஒரு பத்தியில் கதை முடியும் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இப்பழக்கத்திற்கு மாறான ஒரு கதை அப்படங்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் எழுதப்பட்டுவிட்டது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' 1943இல் வெளிவந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறது அக்கதை. செல்லம்மாள் இறந்துவிட்டாள் என்பதில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. இதனால் வாசகர் பெறும் நன்மை பெரிது. 'பிழைப்பாளா, மாட்டாளா' என்னும் ஆவல் தொடக்கத்திலேயே பறிக்கப்படுவதால், அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதைப் பார்க்க நமக்குக் கண் கிடைக்கிறது. கணவர் பிரமநாயகம் பிள்ளை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர். நகரத்தின் விளிம்பில் குடியிருப்பு, சம்பளம் சொற்பம். மனைவியோ நோயாளி. சமைத்து வைப்பதும், கஞ்சி கொடுப்பதும், மருந்துக்கு அலைவதும், பின்னர் கடைக்கு நடப்பதும் அவர் அன்றாடம். திரும்பி வரும்போது அவள் நினைவிழந்து கிடப்பதும் உண்டு.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு நல்ல அழுகைக் கதையை எளிதாக எழுதியிருக்கலாம். புதுமைப்பித்தன் எழுதியது இருவர் பேச்சை. ஊருக்குப் போவது பற்றி அவ்விருவரும் பேசுகின்றனர். போக முடியாதென்பது பிள்ளைக்குத் தெரியும். அவளுக்கும் உள்ளூரத் தெரியும் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் அப்பேச்சு நிற்பதில்லை. கடையிலிருந்து சேலைகளைக் கொண்டுவந்து அவள் முன் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் செய்கிறார். படுக்கையை விட்டு எழ இயலாதவளுக்குச் சேலை எதற்கு என்று கேட்பவர், அக்கதையைப் படிக்கத் தகுதி பெறாதவர். அவளும் சும்மா இருப்பவள் அல்லள். முடியாதென்று தெரிந்தும் அடுப்படிக்குப் போகிறாள், அவர் கண்டிக்கிறார். நோயாளியும் பணிவிடை செய்பவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளும் இந்த நாடகத்தில் ஏமாறுபவர் ஒருவரும் இல்லை. நகைச்சுவை இங்கு வேடிக்கைச் சொற்களில் இல்லை. அறிந்தே ஆடும் இவ்வாட்டத்தில் இருக்கிறது.

இதன் உச்சம் அவள் சுயநினைவு தவறிய நிலையில் வருகிறது. எதிரே இருப்பவரைத் தன் தாய் என்றெண்ணிக் கணவரைப் பற்றியே அவரிடம் முறையிடுகிறாள். பிள்ளை தம்மை விளக்க முயல்வதில்லை. தாயாகவே நின்று அவளுக்குப் பதில் சொல்கிறார். தமக்கு எதிரான வழக்கில் தாமே எதிர்க்கட்சி வழக்கறிஞராக நிற்கும் இந்நிலையைத் தனியே எடுத்துச் சொன்னால் எவரும் சிரிப்பர். கதைக்குள் படிக்கும்போது சிரிப்பு வாய்க்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. எள்ளல் என்றோ இளிவரல் என்றோ இதைப் பெயரிட முடியுமா? இரண்டும் பொருந்தவில்லை.

பொருந்தும் இடத்தைத் தேடினால் திருக்குறளுக்குத்தான் போக வேண்டும். ஆனால் வழக்கமாக எல்லாரும் போகும் அதிகாரத்திற்கு அன்று. நோயுற்றார் முன் நின்று பேச நேர்ந்தவர் உடனே எடுப்பது இடுக்கணழியாமை அதிகாரத்தின் முதற்குறளை. துன்பம் வரும்போது நகுக என்று பணிப்பது அது. அவ்வதிகாரம் ஆள்வினையுடைமைக்கு அடுத்து, ஒரு செயலில் இறங்கி முயல்வோரை நோக்கி நிற்பது. அதை ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். கட்டிலில் கிடப்பவரைப் பார்த்து, பழக்கூடையோடு வந்த விருந்தினர் சொல்லும்போது அது அறிவுரையாகாமல் அதட்டலாகிவிடுகிறது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளோ வேறொன்றைச் சொல்கிறது. மருத்துவத்தை நான்கு கூறாக்கும் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாக எண்ணுகிறார். பிரமநாயகம் பிள்ளை அந்த நான்காமவர். செல்லம்மாளுக்கு மற்ற இரண்டும் உரியவாறு வாய்க்கவில்லை. நான்காவது மட்டும் நிறைவாக வாய்த்தது. அக்கதையில் நகை என்பது அந்த நான்காமவரின் பணிகளுள் ஒன்று. கஞ்சி காய்ச்சுவதைப் போல, தலையணையைத் திருப்பிப் போடுவதைப் போல. நோயாளியிடம் 'மகிழ்ச்சியாய் இரு' என்று கேட்பதற்கும், அவள் மகிழ்வதற்குரிய பேச்சைத் தாம் சுமந்து வருவதற்கும் உள்ள தொலைவு இதுதான்.

இக்கதையைப் புதுமைப்பித்தனின் வாழ்க்கையோடு இணைத்து, தம் முடிவை முன்னரே உணர்ந்து எழுதினார் என்று உருகிப் பேசுவோர் உளர். அது பொருந்தாது. 1943இல் அவரைக் காசநோய் பற்றியிருக்கவில்லை. 'ராஜமுக்தி' படத்திற்கு எழுதுவதற்காகப் புனே சென்ற காலத்தில் அது முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் 42ஆம் வயதில் மறைந்தார். நோய்க்கதையை எழுத நோயாளியாக வேண்டியதில்லை. உடனிருப்பவரை உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

'சிரித்தால் நோய் தீரும்' என்னும் இக்காலக் கொள்கையும் அவர் வாழ்வின் முன் தலை தாழ்த்த வேண்டும். அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ், நகைச்சுவைப் படம் பார்த்துப் பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரித்ததால் தமக்கு இரண்டு மணி நேரம் வலியற்ற உறக்கம் கிடைத்தது என்று 1979இல் வந்த தம் நூலில் எழுதினார். அது அவர் பட்டறிவு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதையே விதியாக்கினால், தீராத நோயர் போதிய அளவு சிரிக்கவில்லை என்னும் பழியையும் சேர்த்துச் சுமக்க நேரும். புற்றுநோயுற்ற சூசன் சான்டாக் இத்தகைய பழியை எதிர்த்தே 1978இல் ஒரு நூல் எழுதினார். தமிழில் புதுமைப்பித்தனைவிட எதையும் பார்த்துச் சிரித்தவர் யார்? 'காலனும் கிழவியும்' கதையில் எமனையே வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளைச் சித்த மருத்துவ இதழுக்குச் சந்தாதாரராக்கியவர். அவரைக் காப்பதற்குச் சிரிப்பு உதவவில்லை. காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை முறையாகச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வெளியானதும் 1948ஆம் ஆண்டில்தான். அவரைப் போலவே நகைச்சுவை நிறைந்த கி. ராஜநாராயணனும் இளமையில் காசநோயோடு போராடியவர். அவரோ நூற்றை நெருங்கும் வயதுவரை வாழ்ந்து, 2021இல் மறைந்தார். இருவரிடமும் சிரிப்பு இருந்தது. ஆயுளோ ஒன்றாக இல்லை.

கி. ராஜநாராயணனின் பெயரோடு இடைசெவலும், இடைசெவலோடு கு. அழகிரிசாமியும் நினைவுக்கு வருவர். அதே சிற்றூரில் பிறந்த அழகிரிசாமி, 1950களில் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். இலக்கிய வட்டம் நடத்தி இந்நாட்டு இளம் எழுத்தாளரைப் பயிற்றியவர். புதுமைப்பித்தன் மீது பெருமதிப்புக் கொண்டவர். ஓசையெழுப்பாமல் சிறுகதை எழுதுவது எப்படி என்பதைக் காட்டும் ஆசிரியர் நமக்கு இவ்வூரிலேயே வாய்த்திருந்தார் என்பதற்காகவே இது சொல்லப்படுகிறது. எனவே நம் நோய்க்கதைகள் திரைப்படத்தின் பின்னே போனதற்கு, வழிகாட்ட ஆளில்லை என்று காரணம் சொல்ல இயலாது. தோட்டத்து 'டிரசர்' கொடுத்த ஒரே நிற மாத்திரையை எல்லா நோய்க்கும் விழுங்கி, அதைப் பற்றிப் பேசிச் சிரித்த ஒரு தலைமுறை நம்மிடையே இருந்தது. அவர்களுடைய நோயைப் பதிவு செய்த அளவுக்கு அச்சிரிப்பை நாம் பதிவு செய்யவில்லை.

புதுமைப்பித்தனின் நகை முழுவதையும் ஒரே தராசில் ஏற்றுவதும் தவறு. அவர் சிரிப்பில் கொடுமை கலந்த இடங்கள் பல உண்டு. எளியோரைக் கண்டும் சிற்சில இடங்களில் உதடு சுழிப்பவர் அவர். அவ்விடங்களைப் பாராட்ட வேண்டியதில்லை. 'செல்லம்மாள்' அவருடைய மற்றைய கதைகளிலிருந்து விலகி நிற்பதே அங்கு அவர் உதட்டைச் சுழிக்காததால்தான். கதை சொல்பவர் பிள்ளையைக் கண்டு சிரிப்பதில்லை, பிள்ளையோடும் சிரிப்பதில்லை. அவ்விருவர்க்கிடையே நிகழ்வதைச் சிறிது தள்ளி நின்று பார்க்கிறார்.

உயர் வகுப்பு மாணவருக்கு இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், அதை உரக்கப் படிக்கச் செய்யும்போது ஒரு தொல்லை எழும். எந்தக் குரலில் படிப்பது? மேடை நாடகங்களில் பழகிய மாணவர் முதல் வரியிலேயே குரலை நடுங்க வைப்பர். ஆன்டன் செகாவும் இத்தொல்லையை அனுபவித்தவர். காசநோய் முற்றிய நிலையில் எழுதிய 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை அவர் இன்பியல் என்றே குறித்தார். 1904இல் மாஸ்கோவில் அதை அரங்கேற்றிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி துன்பியலாக்கிவிட்டார் என்று வருந்தினார், அவ்வாண்டே மறைந்தார். ரஷ்ய மேடைக்கு நேர்ந்தது நம் வகுப்பறைக்கும் நேரும். செல்லம்மாளின் தாயாகப் பேசும் பிரமநாயகம் பிள்ளையின் சொற்களை அழுதுகொண்டே படித்தால் அக்காட்சி அழிந்துவிடும். இரவு முழுவதும் விழித்திருந்த களைப்போடு, திருநெல்வேலி வழக்கில், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு தாய் சொல்லும் சாதாரணக் குரலில் படிக்க வேண்டும். மறுநாள் கடைக்குப் போக வேண்டியவர் அவர்.