ஈழம் என்னும் பெயர்

ஈழம் என்னும் நாட்டுப்பெயரின் பிறப்புப் பற்றி இரு கொள்கைகள் நிலவுகின்றன. பாலியில் வழங்கும் ‘ஸீஹள’ என்பதன் திரிபே ஈழம் என்பது ஒன்று. கால்டுவெல் இதனைக் கூறினார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இதனையே தழுவிற்று. கள்ளைக் குறிக்கும் ஈழம் என்னும் தமிழ்ச்சொல்லே, தெங்கும் பனையும் மலிந்த அந்நாட்டிற்குப் பெயராயிற்று என்பது மற்றொன்று. இவற்றுள் வலியுடையது யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதற்கொள்கையை மறுப்போர் இரு தடைகள் எழுப்புவர். மொழிமுதல் ஸகரம் கெடுமோ என்பது முதலாவது. ஸ்ரமணர் அமணர் எனவும், ஸஹஸ்ரம் ஆயிரம் எனவும், ஸீஸம் ஈயம் எனவும் வந்தமை காண்க. ளகரம் தமிழில் உளதாக, அது ழகரமானது ஏன் என்பது இரண்டாவது. தமிழ், சோழ என்னும் பெயர்கள் பாலியில் ‘தமிள’, ‘சோள’ என்றே வழங்குகின்றன. அவை தமிழினின்று அங்குச் சென்றனவேனும், இவ்விரு ஒலிகளும் ஒன்றற்கொன்று ஈடாகக் கொள்ளப்பட்டமைக்குச் சான்றாகும். ஆகவே இவ்விரு தடைகளும் நில்லா.

இனி இரண்டாங் கொள்கை. பல்லவர் செப்பேடுகளில் வரும் ‘ஈழம்பூட்சி’ கள்ளிறக்குவோர் இறுத்த வரி. ஆயின், திருப்பரங்குன்றத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலும் பட்டினப்பாலையிலும் ஈழம் நாட்டுப்பெயராகவே நிற்கிறது. கள்ளைக் குறிக்கச் சங்க நூல்களில் பயில்வன கள், தேறல், நறவு முதலியனவே. எனவே நாட்டுப்பொருளே முந்தியது எனக் கோடல் தகும். நாட்டின் பெயர் அந்நாட்டொடு தொடர்புற்ற பொருளுக்கு ஆதல் உலக வழக்கு. சீனத்தின் பெயரால் சர்க்கரையைச் சீனி என்கிறோம் அன்றோ?

யாம் முதற்கொள்கையையே ஏற்கிறோம். அதன்படி, 1972-இல் அரசியல் வழக்கினின்று நீங்கிய ‘சிலோன்’ என்பதும் ஈழமும் ஓரடிப் பிறந்தனவாகும்.

எனினும் இம்முடிபினின்று மேலும் ஒன்றைப் பெற முயல்வாரும் உளர். பெயர் பாலிவழி வந்ததாயின் அந்நாட்டில் தமிழர் பின்வந்தோரே என்பர் ஒரு சாரார். அதற்கஞ்சியே பெயரைத் தூய தமிழாக்க முனைவர் மற்றொரு சாரார். இருவரும் பிழைபட்டனர். பிரான்சு என்னும் பெயர் ஜெர்மானியக் குழுவினரான பிராங்கரால் வந்தது. அந்நாட்டு மொழியோ இலத்தீன் வழித்தோன்றல். சொல்லின் பிறப்பைக் கொண்டு மக்களின் தொன்மையையோ உரிமையையோ அளத்தல் இயலாது. அவற்றை நிறுவக் கல்வெட்டும் அகழாய்வும் வேண்டும். இவ்வரம்பை உணர்ந்தார்க்குச் சொல்லாராய்ச்சியில் அச்சமும் இல்லை, ஆர்ப்பரிப்பும் இல்லை.