பத்துக் கேள்விகளும் ஒரு காம்பராவும்

தோட்டத்து மக்களின் குடிப்பழக்கத்தை அளக்க வருகிறவர்களின் வழி பெரும்பாலும் ஒன்றுதான். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து, படிவத்துடன் ஒருவர் லயத்துக்கு வருவார். வீட்டு ஆம்பிளையை இஸ்தோப்பில் உட்கார வைத்துக் கேட்பார்: எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்? ஒருமுறை உட்கார்ந்தால் எவ்வளவு? குடியால் வேலை ஏதும் தவறியதுண்டா? பதில்கள் புள்ளிகளாகும், புள்ளிகளின் கூட்டுத்தொகை அந்த மனிதரின் நிலையாகும். ஊவாவில் ஹாலிஎலயைச் சுற்றிய தேயிலை மலைகளில் இந்த முறை எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் திட்டங்களும் ஆலோசனைகளும் அந்தக் கூட்டுத்தொகையை நம்பித்தான் வருகின்றன.

கேள்விகளின் மூலம் பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாநிரல். பத்துக் கேள்விகள், 40 புள்ளிகள். ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நோர்வே, அமெரிக்கா என ஆறு நாடுகளின் சுகாதார நிலையங்களில் சோதித்து, 1989இல் கையேடாக வெளியிட்டார்கள். 8 புள்ளியைத் தொட்டால் எச்சரிக்கை. 20ஐத் தொட்டால், குடிக்கு அடிமையாகியிருக்கக்கூடும் என்று மேலும் சோதிக்கச் சொல்கிறது. அந்த ஆறில் தெற்காசிய நாடு ஒன்றும் இல்லை.

ஆனாலும் இது நல்ல கருவி. ஊர்ப் பேச்சில் இரண்டே வகை: குடிகாரன், குடிக்காதவன். இரண்டுக்கும் நடுவே, இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டு, மெல்ல மெல்லச் சறுக்கிக்கொண்டிருப்பவனை இந்தக் கேள்விகள் அடையாளம் காட்டுகின்றன. ஏச்சு இல்லை, புத்திமதி இல்லை. மலையகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ‘தோட்டத்தான் என்றால் குடிப்பான்’ என்ற ஏளனத்தைத் துரைமார் பங்களாவிலிருந்து பட்டணத்துக் கடைத்தெரு வரை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உண்மை எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் ஆய்வுதான் அதற்கு மறுமொழி. எண்ணாமல் இருந்தால் அந்தப் பழியே உண்மையாக நின்றுவிடும்.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. வினாநிரலின் மூன்றாவது கேள்வி, ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை தடவை என்பது. ஓர் அளவு என்பது 10 கிராம் மதுசாரம். கடைச் சாராயத்தில் மதுசாரம் சுமார் 33 சதவீதம் என்று வைத்தால், அரைப் போத்தலில் ஏறத்தாழப் பத்து அளவுகள். இரண்டு பேர் பங்குபோட்டு அதை முடித்தால் ஆளுக்கு ஐந்து. ஆறு என்ற வரம்புக்கு உள்ளே நின்றுவிடுவார்கள். அதையே இருவரும் கசிப்பாக, அதாவது கள்ளச் சாராயமாக, குடித்திருந்தால்? கசிப்பின் வீரியம் காய்ச்சியவருக்கே திட்டமாகத் தெரியாது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தபோதும் அதைக்கொண்டு ஒரு முழுப் போத்தல் சாராயம் வாங்க முடியவில்லை. காசு போதாதவன் கசிப்புக்குப் போகிறான். ஆகக் கூடுதலான ஆபத்து உள்ள இடத்தில்தான் இந்த அளவுகோல் வேலை செய்யாமல் போகிறது.

அடுத்தது காம்பரா. ஒரே அறையும் ஓர் இஸ்தோப்பும் உள்ள வீட்டில் அந்தரங்கம் என்று ஒன்று கிடையாது. மாமியார் அடுப்படியில் இருப்பார், பிள்ளைகள் வாசலில் இருப்பார்கள், பக்கத்துக் காம்பராவுக்கும் எல்லாம் கேட்கும். மனைவி முன்னால் ஒருவர் குறைத்துச் சொல்வார். கூட்டாளிகள் முன்னால் அதே ஆள் கூட்டிச் சொல்வார். குடியால் உங்களுக்கோ மற்றவர்களுக்கோ காயம் ஏற்பட்டதுண்டா என்பது ஒன்பதாவது கேள்வி. அடிபட்டவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தவன் என்ன பதில் சொல்வான்?

இதைவிடப் பெரிய குறை, கேள்வி முழுதும் ஒற்றை மனிதரை நோக்கியே இருப்பது. பெர்க்லியோட் பாக்லியனும் தியநாத் சமரசிங்கவும் இலங்கையில் மதுவையும் வறுமையையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் தங்கள் வழமையான வருமானத்துக்குச் சமமாகவோ அதற்கும் கூடுதலாகவோ குடிக்குச் செலவிடுவதாகச் சொன்னார்கள். வருமானத்தை மிஞ்சிய அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய சம்பளத்தையும் கணவனே போய் வாங்குவது பல இடங்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. புள்ளி ஒருவர் பேரில் எழுதப்படுகிறது. செலவு இன்னொருவரின் கைக்கூலியிலிருந்து போகிறது.

புள்ளி குறைந்தால் வீட்டுத் துன்பமும் குறையும் என்று நம்பிவிட முடியாது. கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு நடத்திய சோதனை இதற்குச் சான்று. வைத்தியப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றி, ஆடிட்டில் 12 முதல் 19 வரை எடுத்த 377 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஆலோசனை வழங்கினார்கள். முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதமும் பெறாதவர்களில் 26 சதவீதமும் 8 புள்ளிக்குக் கீழே வந்தார்கள். பெரிய மருத்துவமனை இல்லாமலே இது முடியும் என்பது தோட்ட டிஸ்பென்சரிகளுக்கு நல்ல செய்தி. ஆனால் மனைவிமீதான வன்முறையில் வேறுபாடு தெரியவில்லை. ஆய்வாளர்கள் அதைத் தனியே அளந்ததால்தான் நமக்கு இது தெரிகிறது. அளந்திருக்காவிட்டால் வெற்றி என்று மட்டுமே எழுதியிருப்பார்கள்.

குடித்தவன் செய்வதெல்லாம் மதுசாரத்தின் வேலையல்ல என்பதும் உளவியல் கண்டதே. 1973இல் ஆலன் மார்லட் குழுவின் பரிசோதனையில், வொட்கா கலந்திருப்பதாக நம்பியவர்கள் உண்மையில் கலந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடுதலாகக் குடித்தார்கள். குடித்தவனுக்குச் சமூகம் கொடுக்கும் சலுகையைத் தொடவேண்டும் என்று இங்கே தியநாத் சமரசிங்க வற்புறுத்தினார். ‘வெறியில செஞ்சிட்டான், விடு’ என்று லயமே சொல்லும் அந்தச் சலுகைக்குப் படிவத்தில் ஒரு வரியும் கிடையாது.

வெற்றிலைக்கு வருவோம். குடிக்கணக்கு ஆண்களோடு முடிந்துவிடுவதால் பெண்களின் வாய் கணக்குக்கு வருவதேயில்லை. குளிரிலும் மழையிலும் மலையில் நிற்கும் பெண்ணுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை பசியையும் சோர்வையும் தள்ளிப்போடும் துணை. அதைப் போதை என்று அவள் நினைப்பதில்லை, கேட்பவரும் நினைப்பதில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவுசெய்துவிட்டது. சப்ரகமுவவில் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நடந்த ஆய்வில் 11.3 சதவீதமானோரின் வாயில் புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் இருந்தன. ஊவாத் தோட்டங்களிலும் மெல்லும் பழக்கம் அதேதான்.

சரி, கண்டுபிடித்துவிட்டோம், அப்புறம்? 1980களின் தொடக்கத்தில் இலங்கைக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார ஊழியர்களே 28,000க்கு மேற்பட்டோரின் வாயைச் சோதித்தார்கள். மேற்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோரே போனார்கள். இப்படிப் போகாமலிருப்பதற்கு உளவியல் தரும் விளக்கம் பழையது. 1950களில் அமெரிக்காவில் இலவச காசநோய் எக்ஸ்ரேக்கு மக்கள் ஏன் வரவில்லை என்று தேடியபோது பிறந்த ‘சுகாதார நம்பிக்கை’ மாதிரி அது: நோய் தனக்கு வரும் என்று நம்பவில்லை, பயன் இருக்கும் என்று நம்பவில்லை. தடைகளும் அந்த மாதிரியில் ஒரு கூறுதான். நடைமுறையில் நம்பிக்கையை நீட்டிக் கேட்கிறார்கள், தடையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கொழுந்துக்காரப் பெண் பதுளை வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். பஸ் காசு தனி. பிள்ளையைக் கூட்டிவர ஆள் வேண்டும். அடுத்த படிவம் அச்சாகும்போது மனைவியின் பதிலைத் தனியாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக்காம்பராவிலோ மலையிலோ கேட்க இடம் விடுங்கள். சம்பள வாரத்தையும் மற்ற வாரங்களையும் பிரித்துக் கேளுங்கள். டோர்ச் அடித்து வாயைப் பாருங்கள். கிளினிக் நாளுக்குப் பேர் போடுவீர்களா என்ற கேள்வியைத் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டு, அந்தப் பதிலையும் அதே அட்டவணையில் அச்சிடுங்கள்.