பிறப்பைக் கேளாத பக்தி: வைணவம் வகுத்த அளவுகோல்

ஒரு சமயம் தான் விலக்கி நிறுத்தியவர்களை எப்படி நடத்தியது என்பதே அதன் பக்திக்கு உரைகல். தமிழ் வைணவம் அந்த உரைகல்லைத் தானே எடுத்து வைத்தது. ஆழ்வார் பன்னிருவருள் ஒருவரான திருப்பாணர் தீண்டத்தகாதவராக எண்ணப்பட்ட பாணர் குலத்தில் வளர்ந்தவர். அவரைக் கல்லால் அடித்த உலோகசாரங்க முனிவரே பின்னர் அவரைத் தோளில் சுமந்து அரங்கன் சந்நிதிக்குக் கொண்டுசென்றதாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் சீடர் மாறனேரி நம்பி ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவருக்கு இறுதிக்கடன் செய்தவர் இராமானுசரின் ஆசாரியரான பெரிய நம்பி. ஊரார் பழித்தபோது, சடாயுவுக்கு இராமன் செய்த கடனையே அவர் சான்றாகக் காட்டினார்.

இந்த மரபுக்குப் பின்வந்த ஆசாரியர்கள் இருவேறு விளக்கம் தந்தனர். வைணவத்தின் இரு பிரிவுகளுள் தென்கலையார் போற்றும் பிள்ளை உலகாசிரியர், அடியாரின் பிறப்பை ஆராய்வது பெருங்குற்றம் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் வகுத்தார். அவருடைய தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹிருதயத்தில், வேளாண் குலத்து நம்மாழ்வாரின் திருவாய்மொழியை வேதத்துக்கு நிகராக நிறுவினார். வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகர் அடியார் எக்குலத்தவராயினும் மதிக்கத்தக்கவர் என்றார். ஆனால் பிறப்புவழி வந்த கடமைகள் பக்தியால் மாறிவிடுவதில்லை என்றும் கருதினார். அடியாரை இகழலாகாது என்பதில் இரு கலையாருக்கும் வேறுபாடில்லை. அந்த மதிப்பு நடைமுறையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் வேறுபாடு.

இவையெல்லாம் புராணக் கதைகளே, வரலாறு அல்ல என்று சிலர் மறுக்கலாம். ஆயினும் ஒரு சமூகம் நூற்றாண்டுகளாக எந்தக் கதையைப் பெருமையுடன் சொல்லிவருகிறதோ, அதுவே அது ஏற்றுக்கொண்ட அளவுகோல். அடியாரானவருக்கு மட்டுமே இந்தச் சமத்துவம், அயலாருக்கு இல்லை என்பது மற்றொரு மறுப்பு. அரங்கன்மேல் காதல்கொண்ட சுல்தானின் மகளைத் துலுக்க நாச்சியாராக ஏற்று, திருவரங்கத்தில் ஓவியமாக வைத்து வழிபடும் வழக்கம் அதற்கு விடையாகும். வேற்று மதத்தில் பிறந்ததை அங்கே எவரும் தடையாகக் கொள்ளவில்லை. மூன்றாவது மறுப்பே கடுமையானது: இத்தனை உபதேசம் இருந்தும் கோயில் கதவுகள் ஏன் மூடியே இருந்தன? சென்னை மாகாணத்தில் அவற்றை எல்லாக் குலத்து இந்துக்களுக்கும் திறந்துவிட 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது உண்மை. அது உபதேசத்தின் தோல்வியன்று, அதைக் கேட்டும் கடைப்பிடிக்காதவர்களின் தோல்வி. திருப்பாணரின் பாசுரத்தைச் சந்நிதியில் சேவித்துவிட்டு, வெளியே வந்து ஒருவரின் குலத்தைக் கேட்பவர் தம் ஆசாரியரையே மறுக்கிறார். பாசுரம் சேவிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியை இன்றோடு கைவிட வேண்டும்.