வளையும் ஆணி, வளரும் எலும்பு

பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்தால், முன்பெல்லாம் காலில் எடை கட்டி வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்துவார்கள். எலும்பு ஓரளவு ஒட்டியதும் மார்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. அந்தப் பாட்டைப் பெருமளவு குறைத்தது பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் வளர்த்தெடுத்த நெகிழ் ஆணி முறை. 1988-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. இன்று ஐந்து முதல் பதினொரு வயதுக்குள் பலரின் முதல் தேர்வு இதுதான். புகழுக்குத் தகுதியான முறைதான். ஆனால் வயதைக் கேட்டதுமே ஆணியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்கும் அந்தப் புகழ் வழிவிட்டிருக்கிறது.

முழங்காலுக்கு மேலே, எலும்பு நீள உதவும் வளர்ச்சித் தட்டிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, இருபுறமும் சிறு கீறல். வில்லாக வளைத்த இரண்டு ஆணிகளை, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, எலும்புக் குழிக்குள் முறிவைக் கடந்து மேலேற்றுகிறார்கள். குழியின் மிகக் குறுகிய இடம் 9 மி.மீ. என்றால் ஒவ்வோர் ஆணியும் சுமார் 3.5 மி.மீ. தடிமன். ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் இருந்தால் எலும்பு ஒரு பக்கம் கோணிவிடும். சரியாக அமைந்தால் எதிரெதிராக முட்டும் இரு வில்களும் எலும்பை நேராகப் பிடித்திருக்கும். மிச்சமுள்ள இம்மியளவு அசைவு புது எலும்பு வளரத் தூண்டும். முறிந்த இடத்தைத் திறப்பதில்லை. வளர்ச்சித் தட்டையும் தொடுவதில்லை.

அந்த நெகிழ்வே பலவீனமும் ஆகிறது. குறுக்கே முறிந்த எலும்பின் முனைகள் ஒன்றையொன்று தாங்கும். நீளச் சாய்வாகப் பிளந்தோ நொறுங்கியோ போனால் அந்தத் தாங்கல் இல்லை; தசை இழுக்க இழுக்கக் கால் குட்டையாகிறது, ஆணி நுனி முழங்காலருகே தோலை உறுத்துகிறது. எடையும் கணக்கில் வருகிறது. 2006-இல் வெளியான ஆய்வொன்று 234 முறிவுகளை அலசியது: 65 சதவீதத்தில் மிக நல்ல பலன், 10 சதவீதத்தில் மோசமான பலன். 49 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மோசமான பலனுக்கான வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம்.

உலோகத்திலும் விலை உயர்ந்ததே மேல் என்று சொல்ல முடியாது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எலும்பு கோணலாகச் சேர்ந்தது டைட்டானியம் ஆணிகளில் சுமார் 23 சதவீதம்; எஃகு ஆணிகளில் 6 சதவீதம். ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாதுதான். ஆனாலும் விறைப்பான, மலிவான எஃகை ஏழைகளின் மாற்று என்று ஒதுக்கவும் கூடாது. எந்த உலோகமானாலும், ஆணியைக் கழற்றி எடுக்கப் பெரும்பாலும் இரண்டாவது மயக்க மருந்தும் இன்னொரு செலவும் உண்டு. முதல் நாளே பெற்றோரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

மாற்றுகளுக்கும் விலை உண்டு. தசைக்கு அடியில் செருகும் நீளத் தகடு நொறுங்கிய எலும்பின் நீளத்தைக் காக்கும். கழற்றும்போது சிரமம் தரும். பதின்வயதினருக்கான விறைப்பான ஆணியை இடுப்பு மூட்டின் தவறான இடத்தில் நுழைத்தால், தொடை எலும்புத் தலையின் ரத்த ஓட்டம் நின்று எலும்பு அழியக்கூடும். ஆகவே தொடை எலும்பு மேல்முனையின் பக்கவாட்டுப் புடைப்பு வழியாகச் செலுத்துகிறார்கள். எலும்பை வெளியிலிருந்து ஊசிகளால் பிடிக்கும் வெளிச்சட்டகம் திறந்த காயத்துக்கு உதவும். ஊசித்துளைகளில் சீழ் பிடிப்பதும், கழற்றியபின் மறுபடி முறிவதும் அதன் குறைகள்.

அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் கழகம் 2009-இல் தந்த வழிகாட்டுதல் வயதுவாரியாகவே அமைந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் பெரும்பாலோருக்கு இன்றும் மாவுக்கட்டே போதும்: இரண்டு சென்டிமீட்டர்வரை குட்டையானாலும் வளரும் எலும்பு பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அந்த வயதில் கத்தி எடுப்பது அவசரம். ஐம்பது கிலோப் பிள்ளையின் நொறுங்கிய எலும்பில் மெல்லிய ஆணி போடுவது அசட்டுத் துணிச்சல். வயது முதல் கேள்வியாக இருக்கட்டும். எடையையும் எக்ஸ்ரேயில் தெரியும் முறிவின் வடிவையும் பார்த்த பிறகே ஆணியா, தகடா, கட்டா என்று முடிவு செய்ய வேண்டும்.